தவறவிட்ட பொருட்கள் பிரிவு

ஒஸ்ட்ராவா டிராம் டிப்போவில்
தவறவிட்ட பொருட்களுக்கென்று ஒரு ஜன்னல் உண்டு.
முப்பத்தொன்பது ஆண்டுகள் அதன் பின்னால் நான்.
குடைகள், இடக்கைக்கு மட்டுமான கையுறைகள்,
ஒருமுறை ஒரு செல்லோ,
கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு
தகர வாளியில் உயிரோடு ஒரு கெண்டை மீன்.

பேப்பரை மட்டும் யாரும் தேடி வருவதில்லை.
இருக்கையில் விட்டுப் போவார்கள்,
அடுத்தவர் எடுத்துப் படிப்பார்,
கடைசி நிறுத்தத்தில் குப்பையோடு கூட்டுவோம்.

தேடி வந்தவன் ஒரே ஒருவன்.
எழுபத்துநாலு, மார்ச், தெருவெல்லாம் சேறு.
"குறுக்கெழுத்து பாதியில் நிற்கிறது" என்றான்.
மீதியை நான் முடித்திருந்தேன்.
மேலிருந்து கீழ் பதினேழு தப்பு என்று
விரல் வைத்துக் காட்டினான். நகத்தில் கரி.
செப்டம்பரில் கல்யாணம்.

அப்புறம்
காலைதோறும் எனக்கெதிரே ஒரு காகிதச் சுவர்.
கீழே இரண்டு முழங்கை, மேலே கொஞ்சம் முடி.
"உப்பு" என்று கேட்டு
சுவரிலிருந்து ஒரு கை வரும்.
கொதிகலன் வெடித்துவிட்டது என்றேன் ஒருநாள், பொய்தான்.
"ம்" என்றது ஐஸ் ஹாக்கி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
அவர் விரித்துப் பிடித்திருக்கையிலேயே
கத்தரிக்கோலால் நடுவில் சதுரமாக வெட்டினேன்.
ஓட்டைக்குள் ஒரு கண்.
அது என்னைப் பார்த்தது.
பிறகு மெல்ல நகர்ந்து
ஓட்டையின் விளிம்பில் தொடங்கும் வரிக்குப் போனது.
வெட்டிய துண்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது:
ஒரு பக்கம் வானிலை, மறுபக்கம் பாதி டிராக்டர்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால்,
என் கடைசி ஆண்டுகளில் இழுப்பறை முழுக்கப் போன்.
ராத்திரியில் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டு கிடக்கும்.
பறிகொடுத்தவர்கள்
ஆஸ்பத்திரிக்கு ஓடிவருகிற முகத்தோடு வருவார்கள்.
படிவம் நிரப்பும்போதும்
ஒரு கட்டைவிரல் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும்.
"அந்தக் காலத்தில் மனுஷர்கள்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், இல்லையா?"
என்பாள் புதிதாகச் சேர்ந்த ஹெட்விகா.
எந்தக் காலத்தில் என்று கேட்பேன்.

பூட்டு பழுது பார்க்கிற வீதெஸ்லாவ்
மூன்றாம் நாள் வந்தார்.
கையெழுத்துப் போட்டுவிட்டு, குனிந்தபடியே,
"யாராவது கூப்பிட்டார்களா?"
மூன்று நாளும் அது வாயே திறக்கவில்லை.
"ஓயாமல்" என்றேன், "சார்ஜ் தீர்ந்ததே அதனால்தான்."
டிராம் ஏறும்வரையாவது நம்பட்டும்.

எது மோசம் என்று சண்டை போட எனக்குத் தெம்பில்லை.
ஒன்று மட்டும்:
பேப்பருக்குக் கடைசிப் பக்கம் இருந்தது.
எட்டேகாலுக்குச் சுவர் மடியும்.
"காப்பி ஆறிப்போச்சே" என்றொரு மனிதர் வெளியே வருவார்.
டிராமுக்கு இன்னும் நாலு நிமிடம் இருக்கும்.
அந்த நாலு நிமிடங்களில்தான்
இரண்டு பிள்ளைகளை வளர்த்தோம்.

இப்போது லூபோமிருக்கு எழுத்து தெரிவதில்லை,
ஆள் தெரிகிறது.
ரொட்டிக்கு எதிரே உட்கார்ந்து
என்னையே பார்க்கிறார், முழுசாக, ஒரு மணி நேரம்.
எனக்குக் கூச்சமாக இருந்தது.
கூச்சத்துக்குப் போனை எடுத்துக்கொண்டேன்.
முதலில் வானிலை.
பிறகு யாரோ கேக் சுடுவது.
பிறகு யாருடைய பூனையோ.

நேற்று இழுப்பறை திறக்கும் சத்தம்.
நிமிர்ந்தால், அவர் கையில் கத்தரிக்கோல்.
மேஜைக்குக் குறுக்கே சாய்ந்து
என் போனின் விளிம்பை, பக்கத்தை, முதுகை
தடவித் தடவி
வெட்ட ஓர் இடம் தேடினார்.
பிறகு
கத்தரிக்கோலை ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
"உப்பு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்,
என்றுதான் நினைக்கிறேன்.